எல்லையோரத்துக்கும் ஒரு தமிழ் அமர்வு வேண்டும்: மனநல மாநாடு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநாட்டு அமைப்புக் குழுவினருக்கும், கற்றல் புள்ளி வழங்கும் கவுன்சில்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியிலிருந்து எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் ஊர்க்காரர்களைப் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நான். இங்கே வீட்டில் பேசுவது தமிழ், கடைத்தெருவில் பேசுவது தமிழ், என் அறைக்குள் வந்து உட்கார்ந்து அழுவதும் தமிழில்தான். பைலில் எழுதுவது ஆங்கிலம். சர்க்கார் படிவங்கள் பெரும்பாலும் மலையாளம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தொழில் பதிவைப் புதுப்பிக்க எங்களுக்குத் தேவைப்படும், மாநாடுகளில் நீங்கள் தரும் புள்ளிகளில் ஒரு பங்கை, நோயாளி பேசும் தமிழிலேயே கேஸ் வைத்துப் பழகும் பயிற்சிக்கும், அதற்குப் பிறகு மாதாமாதம் நடக்கும் தொடர் கலந்துரையாடலுக்கும் ஒதுக்குங்கள். அந்தப் பயிற்சியை எல்லையோர ஊர் ஒன்றிலேயே நடத்துங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருந்தால்தான் என்னைப் போன்றவர்கள் தொழில் செய்யலாம். அந்தப் பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்க வேண்டுமானால் அதற்குள் 100 சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளி சேர்த்திருக்க வேண்டும். டாக்டர்களுக்கு 2002ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் ஐந்து வருடத்தில் 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. நர்சுகளுக்கு அவரவர் மாநில கவுன்சிலில் தனிக் கணக்கு. கவுன்சிலர்களையும் மனநல சமூகப் பணியாளர்களையும் 2021ல் வந்த, துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உள்ளே கொண்டுவந்திருக்கிறது. அவர்களுக்கும் இப்படியொரு கணக்கு வரக்கூடும். இந்தப் புள்ளிகளைச் சேர்க்க எங்களுக்கு இருக்கும் முக்கியமான வழி மாநாடும் அதையொட்டி நடக்கும் ஒர்க்‌ஷாப்பும்தான்.

இந்த விதி நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன். புதுப்பித்துக்கொள்ளாத அறிவு எங்கள் வேலையில் ஆளைக் கொல்லும். ஒரு உதாரணம் போதும். தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம் 'இனி அப்படிச் செய்ய மாட்டேன்' என்று சத்தியம் வாங்குவதும் எழுதி வாங்குவதும் ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்தது. அந்தத் தாள் யாரையும் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்குப் பதிலாக, நெருக்கடி வரும்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, வீட்டில் ஆபத்தான பொருளை எங்கே எப்படி அப்புறப்படுத்துவது என்று நோயாளியோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதும் பாதுகாப்புத் திட்டம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில் இப்படித் திட்டம் எழுதி, பிறகு போனிலும் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018ல் வெளியான ஆய்வு சொன்னது. சட்டமும் மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. அப்படியிருந்தும், விஷம் குடித்துப் பிழைத்து வருபவரின் குடும்பம் எங்களிடம் முதலில் கேட்பது 'போலீஸ் கேஸ் ஆகுமா சார்?' என்பதுதான். இவற்றையெல்லாம் நாங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். எங்கே, எப்படி என்பதில்தான் எனக்குப் பேச இருக்கிறது.

மாநாடு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். திறப்பு விழா, குத்துவிளக்கு, பொன்னாடை. பிறகு பெரிய அரங்கில் ஆங்கிலப் பேச்சுகள். ஒரே சமயத்தில் நாலைந்து அறைகளில் பேப்பர் வாசிப்பு, ஆளுக்குச் சில நிமிடங்கள். கேள்வி கேட்க நேரமில்லை என்று தலைவர் மணியடிப்பார். கடைசி நாள் சர்டிபிகேட் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். வந்தவர் எந்த அறையில் இருந்தார், என்ன பழகினார் என்று அந்த மேசையில் யாரும் கேட்பதில்லை. முதல் நாள் கையெழுத்து இருந்தால் புள்ளி வந்துவிடும்.

அதில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாலுகா அளவில் தனியாக வேலை செய்பவருக்கு வருடத்தில் ஒருமுறை தன் துறைக்காரர்களோடு இரண்டு நாள் இருப்பது பெரிய பலம். கடுமையான மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபின் மாத்திரை தொடங்கியவருக்கு முதல் 18 வாரம் வாராவாரம் இரத்த வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அதை விட்டுவிடாமல் இருக்க, கிராம நர்ஸ் ஒருவர் தன் ஊரில் செய்திருந்த ஏற்பாட்டை நான் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒரு மாநாட்டு வராந்தாவில், டீ இடைவேளையில். அந்த அரை மணி நேரத்துக்குப் புள்ளி கிடையாது. ஆனால் அங்கே கேட்டதுதான் என் ஓ.பி.க்கு வந்து சேர்ந்தது. நீங்கள் நடத்தும் மாநாட்டிலேயே கற்றல் எங்கே நடக்கிறது என்பதை இதிலிருந்து யோசித்துப் பாருங்கள்.

இனி எங்கள் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. பல மாவட்டக் கடைகளுக்குக் கள் போவதே சித்தூர் தாலுகாத் தென்னந்தோப்புகளிலிருந்துதான். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003ல் தடை வந்தது. கேரளத்தில் 1967ல் தொடங்கிய அரசு லாட்டரிக்கு இன்று தினமும் குலுக்கல். ஆகவே எல்லைச் சாவடி தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது லாட்டரிக் கடை. பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் கோவைப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்து கட்டுக்கட்டாகச் சீட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கள் குடித்துப் பழகியவர் அங்கே வேலைக்குப் போனால் டாஸ்மாக். இரண்டு சர்க்காரின் கொள்கையும் ஒரே மனிதனின் உடம்பில் வந்து சேர்கிறது.

சூதாட்டப் பழக்கத்தை போதைப் பழக்கங்களோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2013லேயே முடிவு செய்துவிட்டது. இன்று மாநாட்டு அரங்குகளில் ஆன்லைன் விளையாட்டு பற்றி நிறையப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் சனிக்கிழமைக் கூலியைச் சீட்டாக மாற்றிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும் தோட்டத் தொழிலாளியைப் பற்றி, அவர் மனைவியின் தாலி அடகுக்கடையில் இருப்பதைப் பற்றி, அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பது பற்றி ஒரு அமர்வைக்கூட நான் பார்த்ததில்லை. சீட்டு விற்பவரும் எங்கள் நோயாளியாக வருகிறார். மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அதுதான் பிழைப்பு. இதையெல்லாம் சேர்த்து யோசிக்காமல் சிகிச்சை சொல்ல முடியாது.

சிகிச்சையும் எல்லை தாண்டுகிறது. கடுமையாக நோய் முற்றினால் ஒரு குடும்பம் கோயம்புத்தூருக்கு ஓடுகிறது, இன்னொரு குடும்பம் திருச்சூருக்கு ஓடுகிறது. எங்கே பஸ் முதலில் வந்ததோ, எங்கே தெரிந்த ஆள் இருந்தாரோ அங்கே. திரும்பி வரும்போது இரண்டு ஊர் மருந்துச் சீட்டு, இரண்டு பெயரில் ஒரே மாத்திரை. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு தள்ளாடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒன்றுதான் என்றாலும் மாநில மனநல ஆணையம் இரண்டு, மறுஆய்வு வாரியங்கள் வேறு வேறு. முன்கூட்டிய சிகிச்சை விருப்ப ஆவணத்தை இந்தப் பக்கம் எழுதி வைத்தவர் அந்தப் பக்கம் அட்மிட் ஆனால் யார் யாருக்குச் சொல்வது? கோவை டாக்டரும் பாலக்காட்டு நர்சும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்கு நடைமுறை ஒன்றை வகுத்துக்கொள்ள ஒரு நாள் கொடுத்தால், அது நூறு ஸ்லைடு பார்த்ததைவிடப் பயன்படும்.

மொழிக்கு வருகிறேன். எங்கள் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் நிறைய. மலையாளம் காதில் விழுந்தால் புரியும், எழுத்து ஓடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவம் மலையாளத்தில் இருந்தால் அதை வாசித்துச் சொல்ல மகனையோ பேத்தியையோ கூப்பிடுகிறார்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. மகன் வாசித்து அம்மா பதில் சொல்ல வேண்டும். எந்த அம்மா 'ஆமாம்' என்பார்? படிவத்தில் பூஜ்யம் விழுகிறது, மொத்த மதிப்பெண் குறைகிறது, அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். இத்தனைக்கும் அந்தப் படிவம் தமிழில் இருக்கிறது. அதை எடுத்து வைக்கவும், நோயாளியைத் தனியாக உட்கார வைத்து நிதானமாகக் கேட்கவும் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

எங்கள் பக்கத்துக் குறையும் உண்டு. எங்கள் படிப்பு முழுக்க ஆங்கிலம். தற்கொலை எண்ணத்தை எப்படி விசாரிப்பது என்று ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் ரோல்-ப்ளே செய்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிவிட்டு வருகிறோம். ஓ.பி.யில் உட்கார்ந்த இடத்திலேயே அவரவருக்குத் தோன்றிய தமிழில் கேட்கிறோம். ஒருவர் கேட்பது அதட்டலாக விழுகிறது, இன்னொருவர் கேட்பது சுற்றி வளைத்துக் கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகளிடம் எப்படிக் கேட்பது, 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பேசும் குடிநோயாளியிடம் குடியின் அளவை எப்படிக் கேட்பது, 'யாரோ செய்வினை வெச்சிட்டாங்க சார்' என்று வரும் குடும்பத்தைப் புண்படுத்தாமல் மாத்திரை பக்கம் எப்படித் திருப்புவது: இவை பழகிப் பழகி வர வேண்டியவை. பழகும்போது பக்கத்தில் இருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தென்னை ஏறக் கற்றுக்கொடுப்பவர் மரத்தடியில் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்வதில்லை.

நான் சொல்வது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. டாக்டர்களுக்கான தொடர்கல்வி பற்றி 1999ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வெறும் விரிவுரை மட்டும் அவர்கள் வேலை செய்யும் விதத்தை மாற்றுவதாகத் தெரியவில்லை, பங்கெடுத்துப் பழகும் வகுப்புகள் மாற்றுகின்றன என்றது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009ல் 81 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கல்விக் கூட்டங்களால் விரும்பிய நடைமுறை கூடியது. அப்படிக் கூடியதன் இடைநிலை (மீடியன்) அளவு 6 சதவீதம்தான். விரிவுரையும் பயிற்சியும் கலந்த கூட்டங்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2004ல் வந்த இன்னொரு ஆய்வு. குடி, போதை நோயாளிகளைப் பார்க்கும் 140 பதிவு பெற்ற தொழில்முறையாளர்களை எடுத்துக்கொண்டார்கள். நோயாளியிடமிருந்தே மாறும் விருப்பத்தை வரவழைத்துப் பேசும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு ஒர்க்‌ஷாப் மட்டும். சிலருக்கு அதன் பிறகு அவர்களுடைய பேச்சுப் பதிவைக் கேட்டுக் கருத்து சொன்னார்கள். சிலருக்குப் போனில் தொடர்ந்து வழிகாட்டினார்கள். அப்படித் தொடர்ச்சி கிடைத்தவர்களின் திறமை கூடுதலாக வளர்ந்தது. அதைவிடப் பெரிய விஷயம்: 'நான் நன்றாகச் செய்கிறேன்' என்று அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணுக்கும், பதிவைக் கேட்டவர்கள் கண்ட திறமைக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. மாநாட்டு முடிவில் நீங்கள் வாங்கும் கருத்துப் படிவத்தை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். 'மிகப் பயனுள்ளதாக இருந்தது' என்று நாங்கள் டிக் அடிப்பது எங்கள் மனநிறைவைச் சொல்லும். கோபாலபுரத்துக் குடிநோயாளிக்கு என்ன கிடைத்தது என்பதை அது சொல்லாது.

சட்டமும் மொழி விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய தகவல் நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவத்திலும் தரப்பட வேண்டும் என்கிறது. ஒப்புதல் வாங்குவதும் அப்படித்தான். 31ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுக்குள் மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலத் தொழில்முறையாளர்கள் இருக்க வேண்டும் என்று அரசுகளுக்குச் சொல்கிறது. 2018ல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2028ல் கெடு. எண்ணிக்கை கூடினாலும் பேசத் தெரியாதவர்களாகக் கூடினால் என்ன பயன்? கேரளத்தையும் தமிழ்நாட்டையும் உள்ளடக்கி 12 மாநிலங்களில் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் எங்களைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. நிலப் பட்டாவுக்கு மனு எழுதத் தமிழுக்கு உரிமை இருக்கும் ஊரில், மனநலச் சிகிச்சைக்கான பயிற்சி தமிழில் நடக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் நடக்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது இப்படி ஒன்று. மாநாட்டுக்கு முந்தைய நாளோ, தனியாகவோ, ஒரு முழுநாள் பயிற்சி. இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். டாக்டர், நர்ஸ், சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், பள்ளிக் கவுன்சிலர் எல்லோரும் கலந்து. விரிவுரை ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். மீதி நேரம் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து ஒருவர் நோயாளியாக, ஒருவர் சிகிச்சையாளராக, ஒருவர் கவனிப்பவராகத் தமிழில் பேசிப் பழக வேண்டும். தற்கொலை எண்ணத்தை விசாரிப்பதும் பாதுகாப்புத் திட்டம் எழுதுவதும் முதலில் வரட்டும். எங்கள் ஊரில் அந்தத் திட்டத்தில் பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்ற கேள்வி இல்லாமல் இருக்க முடியாது. தோப்பும் மாந்தோப்பும் காய்கறிக் காடும் உள்ள எல்லா வீட்டிலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்து கள், சாராயம், சீட்டு. இவற்றுக்கே அந்த ஒரு நாள் போதாது.

பிறகு ஆறு மாதத்துக்கு, மாதம் ஒருமுறை ஆன்லைனில் ஒன்றரை மணி நேரம் சேர்வோம். ஒருவர் தன் கேஸை வைப்பார், அனுபவமுள்ளவர் வழிகாட்டுவார், மற்றவர்கள் கேட்பார்கள். இது புதிதல்ல. 2003ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் நோய் நிபுணர் ஒருவர் கிராமத்து டாக்டர்களுக்காகத் தொடங்கிய 'எக்கோ' முறை இதுதான். அங்கே கிராமத்து டாக்டர்கள் பார்த்த ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களுக்கும் பலன் ஒரே அளவில் இருந்தது என்று 2011ல் ஆய்வு வந்தது. நிம்ஹான்ஸ் இதையே மனநலத்துக்கும் போதைச் சிகிச்சைக்கும் எடுத்துக்கொண்டு சத்தீஸ்கர் போன்ற மாநில டாக்டர்களுக்கு நடத்தியிருக்கிறது. பெங்களூரிலிருந்து சத்தீஸ்கருக்கு நடக்க முடிந்தது கோயம்புத்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு நடக்கும்.

புள்ளியை இரண்டாகப் பிரியுங்கள். பாதி அந்த முழுநாளுக்கு. மீதி, மாதக் கூட்டங்களில் கலந்துகொண்டு தன் கேஸ் ஒன்றையாவது வைத்தவருக்கு மட்டும். வராதவருக்குக் கொடுக்க வேண்டாம். எனக்கும் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் உளவியலாளர்களுக்குத் தொடர்கல்வி நடத்தும் அமைப்புகள், அந்நாட்டு உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமானால், வகுப்பு முடியும்போது வந்தவர் எதைச் செய்யத் தெரிந்துகொள்வார் என்பதை முன்கூட்டியே எழுதி அறிவிக்க வேண்டும். அமர்வு முழுவதும் இருந்தவருக்குத்தான் புள்ளி. அதே கண்டிப்பை இங்கேயும் கொண்டுவந்தால் நாங்கள் வரவேற்போம். மருந்துக் கம்பெனி பணம் கொடுத்து நடத்தும் மதிய உணவுப் பேச்சுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேஸ் வைப்பதில் ஒரு கவலை இருக்கிறது. நகரத்தில் 'நாற்பது வயது ஆண், இரண்டு குழந்தைகள்' என்றால் அது யாரென்று தெரியாது. எங்கள் ஊரில் தொழிலையும் தெருவையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அறையில் இருக்கும் ஒருவர் அவருக்குச் சித்தப்பா முறையாகவும் இருக்கக்கூடும். சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் ரகசிய உரிமை அங்கேயும் காக்கப்பட வேண்டும். ஆகவே விவரங்களை மாற்றிச் சொல்வது எப்படி, நோயாளியிடம் முன்பே அனுமதி கேட்பது எப்படி என்பதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள். ஆன்லைன் கூட்டத்தைப் பதிவு செய்ய வேண்டாம்.

புள்ளி யாருக்குச் செல்லும் என்ற சிக்கலை நீங்கள்தான் தீர்க்க முடியும். எனக்கு டெல்லியில் இருக்கும் மறுவாழ்வு கவுன்சில் என்பதால் கோவையில் கிடைத்தாலும் கொச்சியில் கிடைத்தாலும் ஒன்றுதான். நர்சுக்கும் டாக்டருக்கும் அப்படியில்லை. அவர்கள் மாநில கவுன்சிலில் பதிவானவர்கள். பதினைந்து நிமிட பஸ் தூரத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு நல்ல வகுப்பு நடந்தால், அந்த மணிக்கணக்கு திருவனந்தபுரத்தில் செல்லுமா என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விசாரித்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது. எல்லையோரப் பயிற்சி ஒவ்வொன்றுக்கும் இரு மாநில மருத்துவக் கவுன்சில், இரு மாநில செவிலியர் கவுன்சில், மறுவாழ்வு கவுன்சில் ஆகிய எல்லாவற்றிடமும் முன்அனுமதி வாங்கிவிட்டு அறிவியுங்கள். அந்த அனுமதியைத் தனி ஆளாக நாங்கள் வாங்க முடியாது. கவுன்சில்களே, உங்களிடம் இதைத் தனியாகவும் கேட்கிறேன்: பக்கத்து மாநிலத்தில் நடந்த பயிற்சியைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும் ஒரு உத்தரவை எல்லை மாவட்டங்களுக்கு மட்டுமாவது போடுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் மாவட்ட மனநலத் திட்ட ஊழியரும் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரும் ஒரே தொகை கட்டக் கூடாது. நட்சத்திர ஓட்டல் வேண்டாம் என்றாலே பாதி செலவு குறையும்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் சில எனக்குத் தெரியும். 'மலையாளம் எல்லோருக்கும் புரிகிறதே, தனியாகத் தமிழ் எதற்கு?' ரேஷன் கடையில் அரிசி வாங்க அந்த மலையாளம் போதும். இரவு மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்தோம் என்று சொல்ல அது போதாது. இது மலையாளத்துக்கு எதிரான பேச்சும் இல்லை. கண்ணூரிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் மாற்றலாகி இங்கே வந்து, திக்கித் திக்கித் தமிழ் பேசி எங்கள் மக்களைக் காப்பாற்றும் மலையாளி டாக்டர்களையும் நர்சுகளையும் எனக்குத் தெரியும். இந்தப் பயிற்சி முதலில் வேண்டியதே அவர்களுக்குத்தான். 'தமிழில் நடத்தினால் தரம் குறையும்' என்பீர்களானால், பேச்சுப் பதிவைக் கேட்டு மதிப்பிடும் முறையை வையுங்கள். எங்கள் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 'ஆள் வர மாட்டார்கள்' என்றால், ஒருமுறை அறிவித்துப் பாருங்கள்.

இது எங்கள் தாலுகாவின் கோரிக்கை மட்டும் இல்லை. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழும் தமிழர்கள் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். மிஞ்சியவர்களின் துக்கம் தமிழில்தான் இருக்கிறது. தெற்கே பாறசாலை, களியக்காவிளைப் பக்கமும் தமிழர்கள் இருக்கிறார்கள். ஆந்திரத்தில் சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கம் தெலுங்குப் படிவத்தின் முன்னால் உட்காரும் தமிழர்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு எல்லை என்று சுற்றி வாருங்கள். முதல் வருடம் எங்கே என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மூணாறில் தொடங்கினால் நான் அங்கே வந்து பழகிக்கொள்கிறேன்.

இங்கே தொடங்குவதானால் எங்களால் முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறையிலோ மீனாட்சிபுரத்திலோ இருபத்தைந்து பேர் உட்காரும் அறை பிடித்துத் தருவோம். மதியச் சாப்பாடு உள்ளூரிலேயே ஏற்பாடு செய்வோம். கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு மூன்றிலிருந்தும் காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பிவிடலாம், தங்கும் செலவு கிடையாது. தமிழில் பயிற்சி நடத்தக்கூடிய மூத்தவர்களைக் கோவையிலும் சென்னையிலும் மதுரையிலும் கேட்டுப் பார்க்க நாங்கள் தயார். நோயிலிருந்து மீண்டவர்களிலும் குடும்பத்தினரிலும் வந்து பேச விருப்பமுள்ளவர்களை நாங்கள் அழைக்கிறோம்; அவர்களுக்கு மேடையில் இடமும் பஸ் செலவும் கொடுங்கள்.

உங்களிடமிருந்து தேவைப்படுவது மூன்று: கவுன்சில்களின் முன்அனுமதி, புள்ளியைப் பிரித்துத் தர ஒப்புதல், அடுத்த மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் ஒரு இடம். நிரல் அச்சுக்குப் போவதற்கு முன் முடியும் அல்லது முடியாது என்று ஒரு பதில் எழுதுங்கள். முடியாது என்றால் எந்த விதி தடுக்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள். அந்த விதியை மாற்றக் கேட்டு அடுத்த மடலை உரிய இடத்துக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்